தயிருக்கு சண்டை போட்டோம், சக்கரைக்கு ஏன் வாய மூடிக்கிட்டோம்?

டிஸ்கி: இது டயட் பதிவு இல்ல. சமையல் குறிப்பும் இல்ல. நான் டாக்டரும் கிடையாது, சரவணம்பட்டில பொட்டி தட்டற சாதாரண ஜீவன். இந்தப் பதிவுல வர்ற கணக்கெல்லாம் அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். அதுக்கு மேல எதும் கேக்காதீங்க.

2023 மார்ச் மாசக் கடைசி ஞாபகம் இருக்கா மக்களே? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ன்னு டெல்லில இருக்கற உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிர் பாக்கெட் மேல 'தஹி'ன்னு போடணும், நம்ம ஊர் பேரெல்லாம் வேணும்னா அடைப்புக்குறிக்குள்ள போட்டுக்கோங்கன்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. அவ்வளவுதான். நாடே பத்திக்கிச்சு. முதல்வர் ஸ்டாலின் கண்டனம் தெரிவிச்சார். கர்நாடகாவுல 'மொசரு'க்காக அவங்க கொதிச்சாங்க. நாம சும்மா இருப்போமா? ஆளாளுக்கு ரெண்டு பத்தி எழுதி, நாலு பேர்கிட்ட சண்டை போட்டு, ராத்திரி தயிர்சாதம் சாப்ட்டுட்டுதான் தூங்கினோம். மார்ச் 30ம் தேதி ஆணையம் இறங்கி வந்துச்சு. 'கர்டு'ன்னு போட்டு பக்கத்துல தயிர், மொசரு, பெருகுன்னு அந்தந்த ஊர் பேர போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஜெயிச்சோம்ல!

அந்தச் சண்டை நியாயமான சண்டைதான். அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா என் கேள்வி வேற. பாக்கெட்டோட முன்பக்கத்துல நாலெழுத்துக்கு இவ்ளோ சண்டை போட்ட நாம, அதே பாக்கெட்ட திருப்பி பின்பக்கத்த என்னைக்காவது படிச்சோமா? அதே கடைல, அதே ஃப்ரிட்ஜ்ல, தயிருக்கு மேல் தட்டுல ஒரு சின்ன கப் உக்காந்திருக்கு பாருங்க. 'கிரீக் யோகர்ட், ஸ்ட்ராபெர்ரி, கொழுப்பு இல்லாதது, புரோட்டீன் நிறைஞ்சது'. அதுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை எழுதினோமா?

எழுதல. அதான் இந்தப் பதிவு.

மொதல்ல இது நம்ம ஊருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாத்துடலாம். அமெரிக்காவுல சோபானின்னு ஒரு கம்பெனி 2007ல கடைக்கு வந்து, கிரீக் யோகர்ட்ட மூலைமுடுக்கெல்லாம் கொண்டு போச்சு. இந்தியாவுல 2015ல எபிகாமியா வந்துச்சு. அப்பறம் வரிசையா எல்லாரும் இறங்கிட்டாங்க. நம்ம கொங்கு மண்ணுல, பெருந்துறைல இருக்கற மில்கி மிஸ்ட் கூட கிரீக் யோகர்ட் போடறாங்க. நம்ம ஊர் பால் நம்ம ஊர்லயே கப்புல அடைபட்டு வர்றது சந்தோஷமான விசயம்தான். நான் எந்த ஒரு கம்பெனியையும் குறிவெச்சு எழுதல. உள்குத்து தேடற அன்பர்கள் ஏமாந்து போவீங்க. என் சண்டை அந்த மொத்த வகையோட. அந்த கப் மூடில இருக்கற நாலு வார்த்தையோட.

ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்.

வார்த்தை 1: கிரீக்

கிரேக்க நாட்டுல காலங்காலமா செய்யறது என்னன்னா, தயிர துணில கட்டி தண்ணிய வடிச்சுடறது. அவ்ளோதான் மேட்டர். தண்ணி போனா மிச்சம் கெட்டியா நிக்கும், புரோட்டீன் கூடும். மகாராஷ்டிரா, குஜராத்ல இதையே 'சக்கா'ங்கறாங்க. அரபு நாடுகள்ல 'லப்னே'. நம்ம ஆத்தாமாருங்க துணில கட்டி வெச்சதில்லையே தவிர, கெட்டித் தயிரோட அருமை தெரியாதவங்க கொங்கு நாட்டுல யாரு இருக்கா? எருமத் தயிர அரிவாள்மனைல அறுக்கலாம்னு பெருமை பேசற ஊருங்க இது.

உணவுக்கான சர்வதேச தரம் வகுக்கற கோடெக்ஸ் இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. சாதா யோகர்ட்ல புரோட்டீன் குறைஞ்சது 2.7 சதவீதம். தண்ணி எடுத்து கெட்டியாக்கின வகைன்னா குறைஞ்சது 5.6 சதவீதம். ஆனா 'கிரீக்'ங்கற பேருக்கு? அமெரிக்காவுலயே அந்தப் பேருக்குன்னு தனியா சட்ட வரையறை கிடையாது. வடிகட்டாமயே பால் புரோட்டீன் பவுடர் சேத்து, ஸ்டார்ச் சேத்து கெட்டியாக்கினாலும் கிரீக்தான்.

இங்கிலாந்துல மட்டும் ஒரு சுவாரசியமான வழக்கு நடந்துச்சு. அமெரிக்காவுல செஞ்ச சோபானிய 'கிரீக் யோகர்ட்'னு விக்கறாங்கன்னு கிரேக்க கம்பெனி ஃபாயே கோர்ட்டுக்கு போச்சு. 2013ல லண்டன் உயர் நீதிமன்றம் ஃபாயே பக்கம் தீர்ப்பு சொன்னுச்சு. 2014 ஜனவரில மேல்முறையீட்டுலயும் அதே முடிவுதான். கிரீஸ்ல செஞ்சாத்தான் அங்க அது கிரீக் யோகர்ட். பாருங்க, பேருக்கு அங்கயும் சண்டை, இங்கயும் சண்டை. சக்கரைக்கு மட்டும் இவ்ளோ சண்டை இல்ல :-)

வார்த்தை 2: கொழுப்பு இல்லாதது

நம்ம சட்டப்படி 100 கிராம்ல கொழுப்பு 0.5 கிராமுக்கு மேல இல்லைன்னா 'கொழுப்பு இல்லாதது'ன்னு போட்டுக்கலாம். சரி, போட்டுக்கட்டும். உண்மையத்தானே போடறாங்க?

உண்மைதான். பஞ்சு மிட்டாய்லயும் கொழுப்பு கிடையாது. கோலாவுலயும் கிடையாது. மாரியம்மன் நோம்பிக்கு விக்கற சக்கரை மிட்டாய்லயும் கிடையாது. அத வாங்கிட்டு வந்து யாராச்சும் 'கொழுப்பே இல்லீங், உடம்புக்கு நல்லதுங்'ன்னு குடுத்தா சிரிக்க மாட்டோம்?

ஒரு பொருள்ல இல்லாதத பெருசா போட்டு, இருக்கறத சிறுசா போடறதுக்கு பேரு தகவல் இல்ல. திசைதிருப்பல்.

கொழுப்பு எடுத்தா என்ன ஆகும்னு தயிர் பண்ற எல்லாருக்கும் தெரியும். வழவழப்பு போயிடும், வாசம் போயிடும், புளிப்பு மட்டும் தூக்கலா நிக்கும். கொழுப்போட சேந்து இருக்கற வைட்டமின் ஏவும் கூடவே போயிடும். அந்த புளிப்ப மறைக்க என்ன செய்யணும்? அதுக்குத்தான் மூணாவது வார்த்தை.

வார்த்தை 3: பழம்

இங்கதான் நம்ம அஞ்சாங்கிளாஸ் கணக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க.

அமெரிக்க வேளாண் துறையோட சத்து அட்டவணைப்படி, எதுவும் சேக்காத, கொழுப்பில்லாத கிரீக் யோகர்ட் 100 கிராம்ல சுமார் 59 கலோரி, 10 கிராம் புரோட்டீன், 3 கிராம் சக்கரை. இந்த 3 கிராம் பால்லயே இருக்கற லாக்டோஸ். அது யாரும் கொட்டினதில்ல, மாட்டுமேல கேஸ் போட முடியாது.

இதே பொருள் ஸ்ட்ராபெர்ரி வகைன்னா, 100 கிராம்ல சுமார் 85 கலோரி, 8 கிராம் புரோட்டீன், 11 முதல் 12 கிராம் சக்கரை. பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா பொதுவான கதை இதுதான்.

இப்ப பாருங்க. புரோட்டீன் 10லேர்ந்து 8 ஆயிடுச்சு. ஏன்? ஸ்ட்ராபெர்ரி புரோட்டீன திங்காது. கப்புல அஞ்சுல ஒரு பங்கு யோகர்ட்டே இல்ல, அதான். 80 கிராம் யோகர்ட், 20 கிராம் வேற ஏதோ. அந்த 80 கிராம்ல லாக்டோஸ் ரெண்டரை கிராம் வரும். மிச்சம் ஒன்பது கிராம் சக்கரை அந்த 20 கிராம் 'வேற ஏதோ'லேர்ந்து வருது.

இருபதுக்கு ஒன்பது. கிட்டத்தட்ட பாதி சக்கரை.

நெஜ ஸ்ட்ராபெர்ரில 100 கிராமுக்கு சக்கரை 5 கிராம்தான். 20 கிராம் பழம் போட்டா 1 கிராம் வரணும். ஆனா வந்தது ஒன்பது. அப்ப அந்த இருபது கிராம் பழமா, ஜாமா? நீங்களே சொல்லுங்க. மூடில படம் போட்டிருக்கறது என்னமோ பனித்துளி சொட்டற முழுப் பழம். உள்ள இருக்கறது பழம் கொஞ்சம் எட்டிப் பாத்த சக்கரைப்பாகு.

ஆக, 100 கிராமுக்கு சேத்த சக்கரை சுமார் 8 கிராம். ரெண்டு டீஸ்பூன். நம்ம ஊர் பேக்கரில ஒரு டீக்கு போடற சக்கரைக்கு கிட்ட வந்துடுச்சு.

இன்னொரு கழித்தலும் போட்டுடறேன். ஆவின் நீல பாக்கெட் பால்ல கொழுப்பு 3 சதவீதம். அதுல தோச்ச தயிர் 100 கிராம்ல 3 கிராம் கொழுப்பு, 27 கலோரி. அந்த 27 கலோரிய 'ஐயோ கொழுப்பு'ன்னு எடுத்துட்டு, 8 கிராம் சக்கரைய, அதாவது 32 கலோரிய உள்ள விட்டிருக்காங்க. திருடனுக்கு பயந்து கொள்ளைக்காரன காவலுக்கு வெச்ச கதை.

பின்பக்கத்த படிக்கறப்ப பொருட்களோட பட்டியலையும் பாருங்க. எடை அதிகமா இருக்கறது மொதல்ல வரணும்ங்கறது விதி. பழத்துக்கு முன்னாடி சக்கரை நிக்குதான்னு பாருங்க. சக்கரைங்கற பேர்லயே வரணும்னு அவசியமில்ல. லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், இன்வர்ட் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட்னு பல வேஷத்துல வரும். அப்பறம் ஐ.என்.எஸ். 440ன்னு இருந்தா பெக்டின், 1442ன்னு இருந்தா மாத்தியமைச்ச ஸ்டார்ச், ரெண்டும் கெட்டியாக்க. 162ன்னு இருந்தா பீட்ரூட் சிவப்பு. இதெல்லாம் விஷம் இல்ல, அனுமதிச்ச சமாச்சாரம்தான், பீதிய கெளப்பற வேலை நமக்கு வேணாம். ஆனா ஸ்ட்ராபெர்ரி யோகர்ட் பீட்ரூட்டால சிவக்குதுன்னா, ஸ்ட்ராபெர்ரி என்ன ஆணி புடுங்குச்சுன்னு கேக்கற உரிமை காசு குடுத்தவனுக்கு உண்டா இல்லையா?

வார்த்தை 4: புரோட்டீன்

இதுல உண்மை இருக்கு. நம்ம வீட்டு பசும்பால் தயிர்ல 100 கிராமுக்கு 3.1 கிராம்தான் புரோட்டீன்னு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணை சொல்லுது. பழ கிரீக் யோகர்ட்ல 8. ரெண்டரை மடங்கு. அத மறுக்கறவன் முட்டாள். நம்ம சாப்பாட்டுல புரோட்டீன் கம்மிங்கறதும் நெஜம்.

ஆனா அந்த 8 கிராமுக்காக ஒரு கப் சக்கரைப்பாகு கலந்தத திங்கணும்னு என்ன தலையெழுத்து? 2020 ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி 65 கிலோ ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரோட்டீன் வேணும். நம்ம கொங்கு வீட்டு கொள்ளுல, காய்ஞ்ச பயிறு 100 கிராமுக்கு 22 கிராம் இருக்கு. கொள்ளுப் பருப்பு கடைஞ்சு, கொள்ளு ரசம் வெச்சு, சாதத்துக்கு ஊத்தி சாப்ட்டா புரோட்டீனும் ஆச்சு, காசும் மிச்சம். ஆனா கொள்ளுக்கு மூடி கிடையாது, மூடி மேல ஓடற பொண்ணு படம் கிடையாது. என்ன பண்றது.

சரி, இதுல என்னப்பா இவ்ளோ கோவம்?

காரணம் இருக்குங்க. எங்க அப்பாவுக்கு பத்து வருசமா சுகர். டீல சக்கரை போடறதில்ல. கல்யாண வீட்டு பந்தில ஜாங்கிரிய இலைலயே ஓரங்கட்டிட்டு எந்திரிச்சு வர்ற மனுசன். போன கோடைல எங்கக்கா சாய்பாபா காலனில இருக்கற ஒரு சூப்பர் மார்க்கெட்லேர்ந்து மாம்பழ கிரீக் யோகர்ட் ஒரு டஜன் கப் வாங்கிட்டு வந்துச்சு. "கொழுப்பே இல்லீங்ப்பா, புரோட்டீனுங், சுகருக்கு நல்லதுங்"ன்னு அதுவே ஸ்பூன் போட்டு குடுத்துச்சு. அப்பா ரெண்டு வாய் சாப்ட்டுட்டு கேட்டார்: "ஏங்கண்ணு, இது தயிரா, பாயசமா?"

எட்டாவது படிச்ச மனுசன் நாக்கு கண்டுபிடிச்சுடுச்சு. எங்கக்கா எம்.எஸ்சி. கணக்கு. கணக்கு டீச்சர். அதுக்கு கூட்டத் தெரியாதா? தெரியும். கூட்டறதுக்கு அவசியமே இல்லாத மாதிரி மூடி இருந்துச்சு, அதான் விசயம். அந்த கப்போட பின்பக்கத்துல எழுத்து எள்ளு சைசுல, இங்கிலீஷ்ல, பளபளன்னு வளைஞ்ச பிளாஸ்டிக் மேல. எங்கப்பாவால படிக்கவே முடியாது. அவருக்கு புரியற பாஷைல, அவர் கண்ணுக்கு தெரியற சைசுல 'இதில் சர்க்கரை இவ்வளவு'ன்னு போட்டிருந்தா அக்கா அத கூடைல போட்டிருக்காது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2023ல லான்செட் பத்திரிகைல ஐ.சி.எம்.ஆரும் சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேந்து வெளியிட்ட ஆய்வுப்படி, இந்தியாவுல சுகர் இருக்கறவங்க 10.1 கோடி பேர். எல்லைக்கோட்டுல நிக்கறவங்க இன்னும் 13.6 கோடி. அந்த எல்லைக்கோட்டுல நிக்கறவங்கதான் சாயந்தரம் ஏழு மணிக்கு ரேஸ்கோர்ஸ் ரோட்ட ரெண்டு சுத்து நடந்துட்டு, டீ வேணாம் பஜ்ஜி வேணாம்னு வாயக் கட்டி, 'நல்லதா' ஏதாச்சும் சாப்டலாம்னு இந்தக் கப்ப எடுக்கறாங்க. ஜாங்கிரி திங்கறவனுக்கு தான் ஜாங்கிரி திங்கறோம்னு தெரியும். நாளைக்கு கொறச்சுக்குவான். உடம்ப பாத்துக்கணும்னு நெனைக்கறவனத்தான் இந்த மூடி ஏமாத்துது. அக்கறை இருக்கறவன்கிட்ட அந்த அக்கறைய வெச்சே காசு பாக்கற வேலை இது. அதான் கோவம்.

மகாராஷ்டிரா ஸ்ரீகண்ட் இருக்கு பாருங்க. அதுவும் வடிச்ச தயிர்தான். மாம்பழம் போட்டா ஆம்ரகண்ட். அதுல சக்கரை இந்தக் கப்ப விட பல மடங்கு. ஆனா அது ஸ்வீட்டுன்னு சொல்லி, ஸ்வீட் கடைல விக்குது. யாரும் ஜிம் பைல வெச்சு எடுத்துட்டு போறதில்ல. நேர்மையான பண்டம். இது ஆம்ரகண்டோட ஒல்லி தம்பி, டிராக் பேன்ட் போட்டுட்டு வந்து நிக்குது.

சட்டம் என்ன பண்ணுது?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யோட 2020 லேபிள் விதிப்படி, மொத்த சக்கரை எவ்ளோ, சேத்த சக்கரை எவ்ளோன்னு தனித்தனியா போடணும். ஒரு தடவை சாப்டற அளவுல, நாள் தேவைல இது எத்தன சதவீதம்னும் போடணும். ரொம்ப நல்ல விதி. ஆனா அந்த சதவீதத்த எத வெச்சு கணக்கு போடறாங்க? ஒரு நாளைக்கு 50 கிராம் சேத்த சக்கரைங்கற அடிப்படைல.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது என்ன? மொத்த கலோரில 10 சதவீதத்துக்கு கீழ, முடிஞ்சா 5 சதவீதத்துக்கு கீழ. 2000 கலோரிக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். நாம வசதியா பெரிய நம்பர எடுத்துக்கிட்டோம். 8 கிராம் சக்கரை லேபிள்ல 16 சதவீதம். நல்லதுன்னு சொன்ன கணக்குல போட்டா 32. ஒரு பொட்டி தட்டறவனா சொல்றேன், வகுக்கற எண்ண பெருசாக்கினா எந்த ரிப்போர்ட்டும் அழகாயிடும். எங்க மேனேஜர் கிட்ட கேளுங்க.

2022 செப்டம்பர்ல இன்னொரு வரைவு வந்துச்சு. பாக்கெட் முன்னாடி நட்சத்திர ரேட்டிங் குடுக்கலாம்னு. அதுல சக்கரை, உப்பு, கொழுப்புக்கு மார்க் கொறையும். பழம், புரோட்டீன், நார்ச்சத்துக்கு மார்க் ஏறும். புரியுதா சூட்சுமம்? ஒரு பக்கம் ரெண்டு ஸ்பூன் சக்கரைய கொட்டு, இன்னொரு பக்கம் புரோட்டீன காட்டி மார்க்க மீட்டுக்கோ. நம்ம கப்புக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை.

சிலி நாட்ட பாருங்க. 2016லேர்ந்து கருப்பு எட்டுகோண முத்திரை. 2019லேர்ந்து திடப்பொருள்ல 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல சக்கரை இருந்தா, 'சக்கரை அதிகம்'னு முன்னாடியே குத்திடுவாங்க. புரோட்டீன் இருக்கு, பழம் இருக்குன்னு சமாதானம் எதும் செல்லாது. நாம பாத்த 11, 12 கிராம் கப் அங்க போனா நெத்தில கருப்புப் பொட்டோடதான் நிக்கும்.

நம்ம ஊர்ல 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் முன்பக்க எச்சரிக்கை லேபிள் பத்தி முடிவெடுங்கன்னு மூணு மாசம் கெடு குடுத்துச்சு. ஜூலைல இன்னொரு மூணு மாசம் நீட்டிச்சாங்க. தயிரோட பேர மாத்தின உத்தரவ வாபஸ் வாங்க ஒரே நாள் போதுமா இருந்துச்சு. காரணம் என்ன? நாம கத்தினோம். சக்கரைக்கு நாம கத்தல. அதான் நடையா நடக்குது.

பின்னூட்டத்துல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில்

'ஐஸ்க்ரீமுக்கு இது பரவால்லியே?' பரவால்லதான். ஐஸ்க்ரீமுக்கு பதிலா சாப்டறவங்க தாராளமா சாப்டுங்க. தயிருக்கு பதிலா, மருந்து மாதிரி சாப்டறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

'சக்கரை சேர்க்காததுன்னு ஒரு வகை வருதே?' வருது. அதுல சுக்ரலோஸ், ஐ.என்.எஸ். 955, இருக்கான்னு பாருங்க. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம், எடை கொறைக்கறதுக்காக இந்த மாதிரி இனிப்பூட்டிகள நம்பாதீங்கன்னு சொல்லிடுச்சு. ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாதுன்னும் அவங்களே சொல்லிருக்காங்க, அவங்க டாக்டர கேட்டுக்கோங்க.

'எல்லாம் பின்னாடி எழுதித்தானே இருக்கு, படிக்காதது உன் தப்பு.' அண்ணே, 2024 மேல வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டில 17 அறிவுரை இருக்கு. அதுல ஒண்ணு லேபிள படிங்கன்னுதான். படிக்கணும், ஒத்துக்கறேன். ஆனா நல்லது மட்டும் முன்னாடி கலர் கலரா, கெட்டது மட்டும் பின்னாடி எள்ளு சைஸ்லன்னா, அது படிக்கறதுக்காக எழுதினது இல்ல. எழுதினோம்னு சொல்லிக்கறதுக்காக எழுதினது. ஒரு பக்கம் கொட்டை எழுத்து போடத் தெரிஞ்சவனுக்கு இன்னொரு பக்கமும் போடத் தெரியும்.

'நீ கம்பெனிகளோட வயித்துல அடிக்கற.' இல்லீங்க. கப்ப விக்க வேணாம்னு சொல்லல. எழுதி வித்துக்கோங்கன்னு சொல்றேன். வாங்கறவன் தெரிஞ்சு வாங்கட்டும். நல்ல பொருள் போடறவனுக்கு இதுல நஷ்டமே இல்ல, அவன் கப்புல சின்ன நம்பர் இருக்கும், அதுவே அவனுக்கு விளம்பரம்.

'வேற வழி சொல்லு.' சொல்றேன். எதுவும் கலக்காத கிரீக் யோகர்ட் கடைலயே கெடைக்கும், அத வாங்குங்க. இல்லைன்னா பழ கப் ஒண்ணோட காசுக்கு அரை லிட்டர் ஆவின் பால் கண்டிப்பா வாங்கலாம். தோச்சு, வெள்ளை வேட்டித் துணில கட்டி, கீழ பாத்திரம் வெச்சு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. காலைல கிரேக்க நாடே உங்க வீட்டுல. வடிஞ்ச தண்ணிய கொட்டாதீங்க, சுண்ணாம்புச்சத்து அதுல நெறைய இருக்கு, சப்பாத்தி மாவு பெசையலாம், ரசத்துல ஊத்தலாம். தயிர் மேல ரெண்டு துண்டு நெஜ மாம்பழம், இல்ல நாலு மாதுளை முத்து. சுகர்காரங்க பழத்தயும் அளந்து போடுங்க. எங்க வீட்டுல இப்ப அப்பாவுக்கு இதுதான், உப்பும் சீரகமும் போட்டு. அவர் அத தயிர்னுதான் சொல்றார், கேள்வி எதும் கேக்கல.

என்ன கேக்கணும்?

மூணே மூணு. ஒண்ணு, கொழுப்பில்லைன்னு முன்னாடி போட்டா, சேத்த சக்கரை எத்தன கிராம்னு அதே பக்கத்துல, அதே சைஸ்ல போடணும். ரெண்டு, தமிழ்நாட்டுல விக்கற கப்புல அந்த ஒரு வரி தமிழ்ல இருக்கணும். 'தயிர்'னு எழுத இடம் கெடைச்ச பாக்கெட்ல 'சேர்த்த சர்க்கரை 8 கிராம்'னு எழுதவும் இடம் கெடைக்கும். மூணு, ஒரு நல்லதக் காட்டி ஒரு கெட்டத மறைக்கற நட்சத்திரம் வேணாம். அளவ தாண்டினா எச்சரிக்கை, அவ்ளோதான்.

தமிழுக்காக பொங்கற நாம, அந்தத் தமிழ் எங்க உபயோகப்படும்னு யோசிக்கணும். பேரு தமிழ்ல இருந்து, விவரம் இங்கிலீஷ்ல இருந்தா அது அலங்காரம். எங்கப்பா மாதிரி ஆளு கடைல நின்னு, கண்ணாடிய மாட்டி, தமிழ்ல ஒரு வரி படிச்சு, அந்த கப்ப திரும்ப தட்டுலயே வெச்சுட்டு போகணும். அன்னைக்குத்தான் மொழிச் சண்டைல முழுசா ஜெயிச்சோம்னு அர்த்தம். இதுவரைக்கும் ஜெயிச்சது பாதிதான்.

கும்மியடிக்க வர்றவங்க தாராளமா வாங்க, பொட்டி திறந்தே இருக்கு. வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இந்த மாதிரி கப் ஏதாச்சும் இருந்தா திருப்பிப் பாத்து, 'சேத்த சக்கரை' எத்தன கிராம், பழம் எத்தன சதவீதம்ங்கற ரெண்டு நம்பர மட்டும் பின்னூட்டத்துல போடுங்க. கம்பெனி பேர் வேணாம், திட்டும் வேணாம். ஒரு ஐம்பது நம்பர் சேந்துச்சுன்னா, அத ஒரு அட்டவணையா போட்டு நம்ம எல்லார் பதிவுலயும் ஒரே நாள்ல ஏத்திடலாம்.

பி.கு: எள்ளு சைஸ் எழுத்து தெரியலைன்னா மொபைல்ல போட்டோ எடுத்து பெருசாக்கி பாருங்க. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. இருபத்தெட்டு வயசுக்கு கண்ணு நல்லாத்தான் இருக்கு :-)